ஜெபராணி வரைந்த எழுத்து

ஜெபராணியைப் பற்றி எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. இந்த ஊரில் யார் யாருக்கோ மலர் போடுகிறார்கள். பஞ்சாயத்துப் போர்டில் கொஞ்ச நாள் இருந்தவருக்கு மணிவிழா மலர், கூட்டுறவுப் பண்டகசாலைக்குத் தலைவராக இருந்தவருக்குப் பவளவிழா மலர். அதில் பாதிக்கு மேல் பிழை திருத்திக் கொடுத்தவன் நான்தான் என்பதால் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். டவுனில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு கடையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு யாரும் மலர் போடப்போவதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். நாள் முழுவதும் வீட்டில் இருந்தால் எனக்கும் என் மனைவிக்கும் ஒத்துவராது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துபோனதால், சாயங்காலம் சிவசண்முகம் பிள்ளை கடைக்குப் பிழை திருத்தப் போக ஆரம்பித்தேன். ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது கடை. சிவசண்முகம் பிள்ளையை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். சேரன்மகாதேவிப் பக்கம் அவர் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் நிறைய வயல் இருந்தது. மிச்சமிருந்த கடைசித் துண்டை விற்று, ஈய எழுத்துக் கோத்து அடிக்கிற பழைய மிஷினை எடைக்குப் போட்டுவிட்டு, தொண்ணூற்று நான்கில் ஒரு கம்ப்யூட்டரும் லேசர் பிரிண்டரும் வாங்கிப் போட்டார். அண்ணாச்சி கெட்டவர் இல்லை. யார் என்ன சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டுவார், பிறகு தனக்குத் தோன்றியதைச் செய்வார். நெற்றியில் எப்போதும் மூன்று பட்டை விபூதி இருக்கும்.

கம்ப்யூட்டரோடு கூட வந்தவள் ஜெபராணி. பாளையங்கோட்டைக்காரி. அவளுடைய அப்பா நேசையா மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து காலமானவர். அண்ணன் சத்தியநேசன் வாத்தியார். அந்த அண்ணன் வீட்டில்தான் அவள் இருந்தாள். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தாள். வரும்போது இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். கல்யாணப் பேச்சு வந்து வந்து நின்றுபோயிருந்தது. ஒரு மாப்பிள்ளை வீட்டார் நிறம் பற்றாது என்றார்கள், இன்னொருவர் உயரம் பற்றாது என்றார். பிறகு அண்ணன்காரனே தேடுவதை நிறுத்திவிட்டான். அவள் சம்பளம் வீட்டுக்கு வேண்டியிருந்தது என்று நான் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். வரட்டும்.

பொறுமைசாலி என்று அவளைச் சொல்ல முடியாது. முகத்தைப் பார்த்துச் சிரிக்க மாட்டாள். பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் தங்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் பட்டங்களைத் தட்டிக்கொண்டே, "இவரு எந்த காலேஜ்ல சார் எம்.ஏ. படிச்சாரு, எங்க வீட்டுப் பக்கத்துலதான் இருக்காரு" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுப்பாள். நான் பிழை திருத்தித் தாளை நீட்டினால் சில சமயம் வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அதனால்தான். வாழ்நாளெல்லாம் நான் சொன்னதற்குத் தலையாட்டிய பிள்ளைகளையே பார்த்தவன் நான்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து என்று விலைக்கு வாங்கியவை பார்க்கச் சகிக்காது. ஒன்றில் 'டு'வும் 'ரு'வும் ஒன்றுபோல இருக்கும். இன்னொன்றில் 'ளூ' என்று போட்டால் கால் ஒடிந்த கோழி மாதிரி நிற்கும். நான் தாளில் வட்டம் போட்டுப் போட்டுத் திருப்பி அனுப்புவேன். ஒருநாள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அதில் இருப்பதுதான் வரும், நான் என்ன கையாலா போட முடியும் என்று கேட்டாள். மறுநாள் அவளே, கம்ப்யூட்டரோடு வந்த திருட்டு மென்பொருள்களுக்கு நடுவில் எழுத்து வரைகிறதற்கென்றே ஒன்று இருக்கிறது, யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றாள். அதைத் திறந்து 'அ' போட்டுப் பார்த்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது.

மத்தியானம் அண்ணாச்சி சாப்பிட்டுப் படுக்கப் போகிற நேரத்திலும், கல்யாணம் இல்லாத மாதங்களிலும் உட்கார்ந்து வரைந்தாள். மவுஸ் என்கிற எலியைப் பிடித்து நகர்த்தி, ஒரு வளைவுக்கு எட்டுப் பத்துப் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியாக இழுத்துப் பார்ப்பாள். 'ஐ' மட்டும் ஒரு மாசம் ஓடியது. அச்சில் எடுத்து என்னிடம் காட்டுவாள். மூக்கு தூக்கலாக இருக்கிறது என்பேன், வயிறு பருத்திருக்கிறது என்பேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி இழுப்பாள். இப்படி மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. கடைசியில் வந்த எழுத்தை நான் என்ன சொல்ல? கண்ணுக்கு எந்த உறுத்தலும் இல்லாமல் வாசித்துக்கொண்டே போகலாம். அதற்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னேன். அவள் வைக்கவில்லை. எந்தச் சாவியைத் தட்டினால் எந்த எழுத்து வரும் என்பதைக்கூடத் தன் கைக்கு வசதியாகத் தானே அமைத்துக்கொண்டாள்.

கடைக்கு அதனால் பெயர் வந்தது. அண்ணாச்சி கடை எழுத்தில் போடுங்கள் என்று களக்காட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். நம்ம கடை எழுத்து என்று அண்ணாச்சியும் சொல்லிக்கொண்டார். மிஷின் அவருடையது, கரண்ட் அவருடையது, சம்பளம் அவர் கொடுக்கிறார், அதனால் எழுத்தும் அவருடையது என்பது அவர் கணக்கு. அதை ஒரு தடவை என்னிடம் சொன்னார். மிஷினை மூன்று வருஷம் தனியாக விட்டிருந்தால் அது தானாக 'ஐ' போட்டிருக்குமா என்று கேட்டேன். சார்வாள் எப்பவும் எடக்குத்தான் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

தொண்ணூற்றெட்டு ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்கு நாங்கள் அடித்த பத்திரிகை ஒன்று மெட்ராஸ் போய்ச் சேர்ந்தது. அங்கே தமிழ் எழுத்துகள் செய்து விற்கிற ஒரு கம்பெனியில் இருந்தவர் அதைப் பார்த்திருக்கிறார். கடைக்குப் போன் போட்டு, இது யார் வரைந்தது என்று கேட்டார். ஜெபராணி பேசினாள். முழுவதையும் ஒரு ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு தீபாவளி கழித்து நேரில் வரச் சொன்னார் அவர். நன்றாக இருந்தால் அவள் பெயரிலேயே வெளியிடுவோம், இங்கேயே வேலையும் இருக்கிறது என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவள் சிரித்தாள். நாலு வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மெட்ராஸில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற லேடீஸ் ஹாஸ்டல் இருக்கிறது, விசாரித்துவிட்டேன் என்றாள். அண்ணன் வீட்டில் அவளுக்கென்று ஒரு கட்டில்கூடக் கிடையாது, பிள்ளைகளோடு பாயில் படுத்துக்கொள்வாள். அதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஃபிளாப்பியில் எடுப்பது சுலபமான காரியம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அண்ணாச்சி கடையில் அது சுலபம் இல்லை. அதற்கு முந்தின வருஷம் யாரோ கொண்டுவந்த ஃபிளாப்பியால் வைரஸ் ஏறி, கம்ப்யூட்டர் ஒரு வாரம் படுத்துவிட்டது. அன்றிலிருந்து அண்ணாச்சி ஃபிளாப்பி நுழைகிற வாயின் மேல் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டார். கடையில் இருந்த ஃபிளாப்பிகளைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். எங்கள் வேலைக்கும் அது தேவைப்படவில்லை. லேசரில் தாளாக எடுத்து ஆப்செட்காரரிடம் கொடுத்துவிடுவோம். ஆகவே ஜெபராணியின் எழுத்து முழுவதும் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. மெட்ராஸ் போகிற நேரத்தில் அண்ணாச்சியிடம் பக்குவமாகக் கேட்டு ஒரு ஃபிளாப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தாள். முன்கூட்டியே கேட்டால் அவர் எதற்கு ஏது என்று துருவுவார் என்று பயம்.

அந்தப் புரட்டாசியில் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனது. பாதி வேலையில் திரை நீலமாகிவிடும். மேலப்பாளையத்திலிருந்து தாவூது என்ற பையன் வந்து ரிப்பேர் பார்ப்பான். பையன் என்கிறேன், கல்யாணமாகிக் குழந்தை இருந்தது அவனுக்கு. நல்லவன், வேலை தெரிந்தவன், ஆனால் எப்போதும் இன்னொரு இடத்துக்குப் போகிற அவசரத்தில் இருப்பான். புது விண்டோஸ் வந்திருக்கிறது, அதைப் போட்டால் சரியாகும் என்றான். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, ஐப்பசி பிறந்துவிட்டால் தலைக்கு மேல் வேலை, அதற்குள் போட்டுவிட வேண்டும் என்று அண்ணாச்சியும் சொன்னார். அழித்துவிட்டுப் போடுவதா, இருக்கிறபடியே மேலே போடுவதா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

"ஃபார்மட் பண்ணிப் போட்டா சுத்தமா இருக்கும் அண்ணாச்சி. மேலயே போட்டா பழைய கோளாறு கொஞ்சம் ஒட்டிக்கிட்டுத்தான் நிக்கும். ஆனா இருக்கது எதுவும் போவாது" என்றான் தாவூது.

ஜெபராணி உடனே, மேலேயே போடுங்கள் என்றாள். தன் எழுத்து போகாது அல்லவா என்று அவனிடம் தனியாகவும் கேட்டாள். போகாது அக்கா, கவலைப்படாதீங்க என்றான். அண்ணாச்சியும் வழக்கம்போலத் தலையாட்டினார். பூஜை விடுமுறை கழிந்து ஒரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு அவன் போனான். ஜெபராணி அதோடு நிம்மதியாகிவிட்டாள். நிம்மதியாகக் காரணம் இருந்தது, மூன்று பேர் முன்னிலையில் பேசி முடித்த விஷயம் அது.

ஆயுத பூஜைக்குக் கடைக்கு வெள்ளை அடித்தார்கள். வெள்ளையடிக்க வந்த ஆள் சுவரில் இருந்த பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் மேலேயே அடித்துவிட்டுப் போய்விட்டான். பூஜை அன்றைக்கு மத்தியானம் பார்த்தால் அது வட்டம் வட்டமாகப் பொரிந்து நிற்கிறது. அண்ணாச்சி அதைக் கையால் உரித்துப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். அப்போதே அவர் தலைக்குள் என்ன ஓடியது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, திரைக்கு மேல் மாலை போட்டு, பிரிண்டருக்கு ஒரு பொட்டு வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பேப்பர் வெட்டுகிற கத்தி, ஸ்கேல், என்னுடைய சிவப்புப் பேனா எல்லாவற்றையும் அடுக்கிப் பூஜை முடித்தார். எல்லாருக்கும் சுண்டலும் பொரிகடலையும் கொடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டு தாவூதுக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு விஜயதசமி, நல்ல நாளு. காலைலயே வந்துரும்வே. எல்லாத்தையும் அழிச்சிட்டே போட்டுரும். பழைய சுண்ணாம்பச் சொரண்டாம மேல அடிச்சா பொரிஞ்சுல்லா போவுது."

சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஜெபராணி, மேலேயே போடுவதாகத்தானே பேச்சு என்றாள். விஜயதசமி அன்று ஆரம்பிப்பது புதுசாக இருக்க வேண்டும், பழைய பீடையோடு ஆரம்பிக்கக்கூடாது என்றார் அண்ணாச்சி. கஸ்டமர் வேலையெல்லாம் தாவூது தன் டிஸ்கில் எடுத்து வைத்துக்கொள்வான் என்றும் சொன்னார். அவள் அதற்கு மேல் வாதம் செய்யவில்லை. கெஞ்சினாள். அவள் கெஞ்சி நான் பார்த்ததும் அதுதான் முதல் தடவை.

"அண்ணாச்சி, ஒரு அரைமணி நேரம் மட்டும் ஆன் பண்ணிக்கிடுதேன். ஒரு ஃபிளாப்பி எடுத்துத் தாங்க. என் எழுத்த எடுத்து வச்சுக்கிடுதேன்."

"அம்மா முன்னால வச்சாச்சே தாயி. இனிமே நாளைக்குப் பூசை போட்டுத்தான் தொடணும். ஒங்க ஆளுக ஞாயித்துக்கிழமை வேலை செய்யக்கூடாதும்பாங்கல்லா, அதே மாதிரிதான் இது."

நானும் சொல்லிப் பார்த்தேன். நானும் பூஜை செய்கிறவன்தான், என் வீட்டிலும் அன்றைக்குப் புத்தகத்தைத் தொட மாட்டோம், ஆனால் அவசரத்துக்கு சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றேன். நீங்க வாத்தியாரா இருந்துக்கிட்டு இப்படிச் சொல்லலாமா என்று அவர் எனக்கே பாடம் எடுத்தார். அவள் கிறிஸ்தவ வேதக்காரப் பெண், சந்தனம் வைத்த மிஷினை அவள் தொடுவது அவருக்கு இரட்டைச் சங்கடம். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, மரியாதை தெரிந்தவர். கடைசியில் அவள், நாளைக்கு நான் வந்த பிறகு ஆரம்பிக்கச் சொல்லுங்கள், அது போதும் என்று கேட்டாள். அண்ணாச்சி தலையாட்டினார். அவள் பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் ஏறித் தாவூது கடைக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்ததாம்.

விஜயதசமி காலையில் நான் அங்கே இல்லை. தாவூது சொன்னதையும் ஜெபராணி சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அவள் வழக்கத்தைவிட முன்னதாகவே புறப்பட்டிருக்கிறாள். பாளையங்கோட்டையில் தசரா. விடிய விடிய ஊர்வலம் வந்த அம்மன் சப்பரங்கள் தெருத்தெருவாக நின்றுகொண்டிருந்தன. பஸ்ஸை எந்த வழியாகவோ திருப்பிவிட்டிருந்தார்கள். காத்திருந்து பார்த்துவிட்டு நடந்தாள். முருகன்குறிச்சி தாண்டி ஒரு ஆட்டோ கிடைத்து, ஆற்றுப் பாலத்தில் நெரிசலில் அதுவும் நின்று, அவள் டவுனுக்கு வந்து சேர்ந்தபோது கடையில் கற்பூர வாசனை அடித்தது. நல்ல நேரம் போய்விடுமே என்று அண்ணாச்சி சீக்கிரமே ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். திரையில் புது விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

தாவூது தன் பங்குக்கு என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான். பத்திரிகை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது, அது போதும் என்றார் அண்ணாச்சி. அதை அவன் ஒன்று விடாமல் எடுத்து வைத்தான். எழுத்துகள் இருப்பது அந்த இடத்தில் இல்லை, விண்டோஸ் இருக்கிற இடத்துக்குள்ளேயே தனியாக இருக்கும். எழுத்தெல்லாம் காசு கொடுத்து வாங்கியதுதானே, மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று அவன் நினைத்தான். ஜெபராணி தன் எழுத்து என்று அன்று கேட்டாளே என்றால், அவள் தட்டி வைத்திருக்கும் வேலையைச் சொல்கிறாள் என்று நினைத்தானாம். ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் ஒரு பெண் உட்கார்ந்து எழுத்தையே செய்திருப்பாள் என்று யார் நினைப்பார்கள்?

அவள் வாசலில் நின்று திரையைப் பார்த்தாள். "முடிச்சிட்டீங்களா" என்று மட்டும் கேட்டாள். தாவூதுக்கு அப்போதுதான் உறைத்தது. பாதியில் நிறுத்திவிட்டு என்னென்னவோ செய்து பார்த்தான். பிறகு டிஸ்கையே கழற்றி மேலப்பாளையத்துக்கு எடுத்துப்போய், அழிந்ததைத் தோண்டி எடுக்கிற மென்பொருள் ஏதோ போட்டு நாலைந்து நாள் பார்த்தான். துண்டு துணுக்காக ஏதேதோ வந்தது, எழுத்து வரவில்லை. அவன் கடையில் உட்கார்ந்து அழுதான் என்று கேள்விப்பட்டேன். அவள் அழவில்லை.

ஐப்பசி பிறந்ததும் பழைய பத்திரிகைகளைத் திறந்தோம். தாவூது காப்பாற்றி வைத்த எல்லாம் இருந்தன. மணமகன் பெயர், மணமகள் பெயர், முகூர்த்த நேரம், சுற்றமும் நட்பும், எல்லாமே இங்கிலீஷ் எழுத்தும் கொம்பும் கோடும் கலந்த கிறுக்கலாகத் திரையில் நின்றன. அந்த எழுத்து இல்லாமல் அதை யாராலும் வாசிக்க முடியாது. சாவிகளை அவள் தன் கைக்குத் தோதாக அமைத்திருந்ததால் வேறு எழுத்தில் மாற்றினாலும் வரவில்லை. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்தார். பிறகு அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"இவ்வளவு இருக்குன்னு நீ வெவரமாச் சொல்லியிருக்கலாம்லா. சரி விடு. கை பழகினதுதான, பைய இன்னொரு தடவ போட்டுரு."

ஒரு மனிதர் இத்தனை சாதுவாக இவ்வளவு பெரிய அநியாயத்தைப் பேச முடியுமா என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வேண்டுமென்றே செய்தாரா, அவள் மெட்ராஸ் போவது தெரிந்து செய்தாரா என்று சில பேர் என்னிடம் கேட்டார்கள். இல்லை. அந்த அளவுக்கு அவருக்கு யோசனை போகாது. சுவரில் சுண்ணாம்பு பொரிந்தது, அவ்வளவுதான். இதற்கு அவர் வேண்டுமென்றே செய்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருப்பான். ஜெபராணி விலைக்கு வாங்கின எழுத்தில் அடுத்த பத்திரிகையைத் தட்ட ஆரம்பித்தாள்.

தீபாவளி கழித்து மெட்ராஸ் போனாள். போக வேண்டாம் என்று அண்ணன் தடுத்தான். நான்தான் போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன், இப்போதும் அது சரிதான் என்று நினைக்கிறேன். ஃபிளாப்பிக்குப் பதிலாக, அவள் எழுத்தில் அடித்த பத்திரிகைகள், காதுகுத்து அழைப்புகள், கருமாதிக் கார்டுகள் என்று ஒரு கட்டுக் கொண்டுபோனாள். அந்தக் கம்பெனியில் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார்கள். காபி கொடுத்தார்கள். போனில் பேசியவர் ஒவ்வொரு கார்டாகப் பிரித்து, எழுத்து பிரமாதம் என்றாராம். ஃபைல் எங்கே என்று கேட்டார். நடந்ததைச் சொன்னாள். அச்சடித்த கார்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு வரலாமே அம்மா, இது நீங்கள் வரைந்ததுதான் என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது என்றார். கோபமாகக் கேட்கவில்லை, நியாயமாகவே கேட்டார். ஒரு தாளைக் கொடுங்கள், இங்கேயே ஒன்று வரைந்து காட்டுகிறேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதற்கெல்லாம் நேரம் இல்லை, கார்டுகளை வைத்துவிட்டுப் போங்கள், பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். வைத்துவிட்டு, அன்று ராத்திரியே நெல்லை எக்ஸ்பிரஸில் திரும்பி வந்தாள். ஹாஸ்டலைப் போய்ப் பார்க்கவில்லை.

போன் வரவில்லை. நான் இரண்டு தடவை கேட்டேன். மூன்றாம் தடவை கேட்க எனக்கே வாய் வரவில்லை. மறுபடி வரைய உட்காருவாள் என்று கொஞ்ச நாள் எதிர்பார்த்தேன். எழுத்து வரைகிற மென்பொருளும் அந்த அழிப்பில் போயிருந்தது. தாவூது எங்கோ தேடி அதைக் கொண்டுவந்து, யாரும் கேட்காமலே போட்டுக்கொடுத்தான். அவள் அதைத் திறக்கவே இல்லை. மத்தியானத்தில் மேஜைமேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்வாள். நான் வட்டம் போட்டுக் கொடுக்கிற தாளைப் பிடுங்குவதும் நின்றுபோனது. கையை நீட்டி வாங்கி, சொன்னபடி திருத்தி, திருப்பிக் கொடுத்தாள். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

மறுவருஷம், தொண்ணூற்றொன்பது ஆவணியில், மெட்ராஸிலிருந்து ஒரு விற்பனையாள் புது எழுத்துகள் இருக்கிற சி.டி. கொண்டுவந்தான். மாதிரிப் புத்தகத்தை விரித்துக் காட்டினான். அண்ணாச்சி ஒரு பக்கத்தில் விரலை வைத்து, இது நம்ம எழுத்துல்லா என்றார். நானும் பார்த்தேன். ஜெபராணியின் எழுத்துதான். கொஞ்சம் பருத்திருந்தது, வளைவுகளில் வழவழப்பு குறைந்திருந்தது. கார்டுகளை ஸ்கேன் செய்து நாலைந்து பேரை உட்காரவைத்து ஓரம் பிடித்து வரைந்து எடுத்திருப்பார்கள் என்று பிறகு தாவூது சொன்னான். அதற்கு ஏதோ ஒரு ராஜாவின் பெயர் வைத்திருந்தார்கள். அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனது திரும்பி வந்துட்டு பாத்தியளா என்று என்னிடம் சொல்லிக்கொண்டே சி.டி.யை வாங்கிப் பூஜை மாடத்தில் வைத்தார். நான் ஜெபராணியைப் பார்த்தேன். அவள் மாதிரிப் புத்தகத்தைப் புரட்டி 'ஐ' இருந்த பக்கத்தில் நிறுத்தி, கொஞ்ச நேரம் பார்த்தாள். மூக்கைத் தூக்கிட்டாங்க சார் என்று சொல்லிவிட்டு மூடினாள். வழக்குப் போடலாம் என்று நான் குதித்தேன். எதைக் காட்டி என்று கேட்டாள்.

சி.டி.யைப் போடத் தாவூது வந்தான். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்தது, அதற்கும் சேர்த்து விண்டோஸைப் புதுசாகப் போட்டுவிடலாம் என்றான். அழித்துவிட்டுப் போடவா, மேலேயே போடவா என்று இந்தத் தடவை அண்ணாச்சியிடம் கேட்காமல் ஜெபராணியைப் பார்த்துக் கேட்டான். அண்ணாச்சிதான் முந்திக்கொண்டார். பட்டுத் தெரிந்தவர் இல்லையா, இந்தத் தடவை ஒன்றையும் அழிக்கக்கூடாது, இருக்கிறது அத்தனையும் அப்படியே இருக்கட்டும் என்று பதறினார். ஃபிளாப்பி, சி.டி., என்ன வேண்டுமோ எடுத்துக்கொள், பீரோவைத் திறந்துவிடுகிறேன் என்று இடுப்பிலிருந்து சாவியை உருவி அவள் முன்னால் மேஜையில் வைத்தார்.

ஜெபராணி சாவியைத் தொடவில்லை. தாவூது உட்காருவதற்காக நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

"அழிச்சிட்டே போடுங்க தாவூது. அதுல என்னோடது ஒண்ணும் இல்ல" என்றாள்.